வீட்டை அடமானம் வைத்து அமெரிக்காவில் படிக்கலாமா?

கேள்வி: பி.ஆர்க். முடித்து இரண்டு வருடமாகக் கோவையில் ஓர் அலுவலகத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வரைபடம் போடுகிறேன். மனம் ஒட்டவில்லை. எங்கள் ஊரில் பழைய வீடுகளைப் பிரித்துத் தேக்குத் தூண்களை விற்கிறார்கள்; ஆயா வீட்டையும் பங்காளிகள் விலை பேசுகிறார்கள். அமெரிக்காவில் ‘ஹிஸ்டாரிக் பிரிசர்வேஷன்’ (பழைய கட்டடப் பாதுகாப்பு) முதுகலை படித்துவிட்டு வந்து இந்த வீடுகளுக்காக வேலை செய்ய ஆசை. இருக்கிற வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார் அப்பா. போகலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: படிக்கலாம். அடமானம் வைத்து வேண்டாம். இந்த வருடமும் வேண்டாம்.

அமெரிக்கப் படிப்பு மட்டமானது என்று சொல்லவில்லை. அந்த நாட்டில் இதற்கென்று முதன்முதலில் முதுகலைக் கல்வியைத் தொடங்கியது கொலம்பியா பல்கலைக்கழகம், 1964-இல். அதற்கு முந்தைய வருடம்தான் நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்க ஆரம்பித்தார்கள். அந்த இடிப்பு கிளப்பிய கோபம் அடங்குவதற்குள், பழைய கட்டடங்களைக் காக்க 1965-இல் நகரத்துக்கு ஒரு சட்டம், 1966-இல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தன. இன்று அங்கே இந்தப் படிப்பை முடிப்பவர்களில் நிறையப் பேருக்குச் சோறு போடுவது அந்த 1966 சட்டம்தான். மத்திய அரசின் பணமோ அனுமதியோ கலந்த சாலை, பாலம், கோபுரம் எதுவானாலும் அது பழைய கட்டடங்களைப் பாதிக்குமா என்று முதலில் பார்த்தாக வேண்டும் என்கிறது அதன் 106-ஆம் பிரிவு. அந்த அறிக்கைகளை எழுத ஆள் வேண்டும். போதாததற்கு, வருமானம் தரும் பழைய கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் வரிச் சலுகை உண்டு. அதற்கான விண்ணப்பம் தயாரிக்கவும் ஆள் வேண்டும்.

ஆக, அங்கே வகுப்பறையில் கற்றுத்தருவதில் கணிசமான பங்கு அந்த நாட்டுச் சட்டமும் நிதி ஏற்பாடும். நீங்கள் அங்கேயே வேலை பார்ப்பதாக இருந்தால் அது பொன். தேவகோட்டைக்குத் திரும்புவதாக இருந்தால்? இங்கே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை நாடு முழுக்கச் சுமார் 3,700 சின்னங்கள். அவற்றுக்கு 1958-ஆம் வருடச் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பிறகு சுற்றிலும் 100 மீட்டருக்குப் புதிதாகக் கட்டத் தடை, அதற்கு மேல் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் அறநிலையத் துறையிடம் இருக்கும் கோயில்கள் மட்டும் 40,000-க்கு மேல். அதற்கு வேறு சட்டம், ஸ்தபதிகள், ஆகம விதிகள். உங்கள் ஆயா வீடு இரண்டிலும் சேராது. தனியார் சொத்து, பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால் விற்றுவிடலாம். எந்த நாட்டுப் பட்டமும் அந்தக் கையெழுத்தைத் தடுக்காது. அதற்காக மட்டும் படிக்கப் போவதென்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன், படித்து முடிப்பதற்குள் வீடு போய்விடும்.

செலவையும் பாருங்கள். உதவித்தொகை இல்லாமல் நியூயார்க் போன்ற ஊரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் என்றால் இரண்டு வருடத்துக்குக் கட்டணமும் சாப்பாடும் வாடகையும் சேர்ந்து ஒரு கோடி ரூபாயைத் தாராளமாகத் தாண்டும். படித்த பிறகு வேலை பார்க்க மாணவர் விசாவில் 12 மாதம் கிடைக்கும். ‘ஸ்டெம்’ (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கும் படிப்பு என்றால் மேலும் 24 மாதம். நீங்கள் சேர நினைக்கும் படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பழைய கட்டடங்களையும் கவனிக்கும் அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை மாதிரியான அரசு வேலைகளுக்குப் பெரும்பாலும் குடியுரிமை கேட்பார்கள். திரும்பி வந்தால் இங்கே ஆரம்பச் சம்பளம் நீங்கள் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அதில் அந்தக் கடனை எப்படி அடைப்பீர்கள்?

டெல்லியில் எஸ்.பி.ஏ. என்கிற மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரியில் கட்டடப் பாதுகாப்புக்கென்றே எம்.ஆர்க். இருக்கிறது. போபாலிலும் உண்டு. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறையில் முதுகலை நடத்துகிறார்கள். கேட் (GATE) நுழைவுத் தேர்வில் தேறி எஸ்.பி.ஏ. மாதிரி இடத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் வரும். ‘டெல்லியா, அமெரிக்காவா’ என்று உறவினர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும்.

வெளிநாடு வேண்டவே வேண்டாமா என்றால், அப்படியில்லை. அமெரிக்காவில் படிக்கத் தரும் ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகையில் பாரம்பரியப் பாதுகாப்பும் ஒரு பிரிவு. அதற்கு மூன்று வருட வேலை அனுபவம் வேண்டும். உங்களிடம் இரண்டு இருக்கிறது. முடித்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் திட்டமும் அதுதானே? பிரிட்டனுக்கு என்றால் சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளையைப் பாருங்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பை நடத்தும் ரேமண்ட் லெமேர் மையத்தையும் விசாரியுங்கள்.

ஆனால் எங்கே விண்ணப்பித்தாலும் அதற்கு முன் ஒரு வருடம் பழைய கட்டட வேலை நடக்கும் இடத்தில் நில்லுங்கள். புதுச்சேரியில் இன்டாக் என்கிற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. சென்னையில் பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் சிறு அலுவலகங்கள் இருக்கின்றன. சுண்ணாம்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். பழைய செங்கல் சுவரின் மேல் சிமென்ட் பூசினால் ஏன் உரிகிறது என்பதைக் கொத்தனார் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் மனதில் நிற்கும். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே ஏறிய ஈரம் செங்கல் வழியாகவே வழி தேடும், உப்பும் கூடவே வரும், செங்கல் மாவாக உதிரும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விட்டுவிடும். கெட்டுப்போனால் காரைதான் போகும், கல் போகாது. அதைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். பழைய காரையில் ஒரு துண்டை நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும், எந்த விகிதத்தில் கலந்தார்கள் என்று கணக்குப் போடலாம் என்பது எந்த நாட்டு ஆய்வகத்திலும் சொல்லித்தருகிற பாடம். கடுக்காயும் வெல்லமும் எவ்வளவு, முட்டை வெள்ளைக்கரு எந்தப் பூச்சில் என்பது உங்கள் ஊர்ப் பக்கத்து வயதான கொத்தனார்களிடம் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. ஒரு வருடம் தூசியில் நின்ற பிறகும் இந்த ஆசை இருந்தால் விண்ணப்பம் போடுங்கள். இல்லையென்றால் கோடி ரூபாய் மிச்சம்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் வேலைத் தொகுப்பில் அடுக்குமாடி வரைபடங்களைக் குறையுங்கள். ஆயா வீடு விற்றுப்போவதற்குள் அதை அளந்து வரைந்துவிடுங்கள்: முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய கட்டு), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று முழுத் தரைப்படம், வளவுக்குக் குறுக்கே ஒரு வெட்டுப்படம், எந்தச் சுவரில் ஈரம், எந்த உத்தரத்தில் கரையான், எங்கே விரிசல் என்று குறித்த ஒரு படம். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் தேடுவது இதைத்தான். லேசர் மீட்டர் இல்லாவிட்டால் டேப்பே போதும். மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள். தனியாக இழுத்தால் வளவின் நீளம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாக வரும்.