வாசகர் கேள்வி - பதில்: இன்ஹேலரும் புவி வெப்பமும்

கேள்வி: ஆஸ்துமாவுக்கு நான் பயன்படுத்தும் ஸ்பிரே இன்ஹேலர் பூமியைச் சூடாக்குகிறதாமே, நிறுத்திவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. குற்றவாளி மருந்தல்ல, அதை வெளியே தள்ளும் வாயு. ஓசோனை அரித்த சிஎஃப்சிக்குப் பதிலாக வந்த எச்எஃப்சி-134ஏ, 100 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்கும் குறையாமல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சில இன்ஹேலர்களில் உள்ள எச்எஃப்சி-227இஏ 3,000 மடங்கையும் தாண்டும்.

ஆனால், வாயு அதிகம் வீணாவது ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களிடம்தான். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் ரிலீவர் (மூச்சு இறுகும்போது உடனடி நிவாரணத்துக்கு எடுக்கும் இன்ஹேலர்) தேவைப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள். ஆண்டுக்கு 200 பஃப் கொண்ட மூன்று ரிலீவர்கள் தீர்ந்தால், அது கடும் மூச்சுத்திணறலுக்கான எச்சரிக்கை. தினசரி எடுக்கவேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தவறவிடாமல் எடுத்தாலே ரிலீவர் செலவு குறையும். எடுக்கும் முறையும் முக்கியம்: நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக 4-5 விநாடி உள்ளிழுத்து, 10 விநாடி அடக்குங்கள். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். பலன் தெரியாமல் மறுபடியும் அழுத்துவீர்கள். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் கைகூடாதவர்களுக்கு ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழாய்) உதவும்.

கேள்வி: பவுடர் இன்ஹேலருக்கு மாறலாமா?

பதில்: அதில் இந்த வாயுவே கிடையாது, மாறினால் பெரிய லாபம். ஆனால் முறை நேரெதிர்: ஆரம்பத்திலிருந்தே வேகமாக, ஆழமாக இழுக்கவேண்டும். பழைய பழக்கத்தில் மெதுவாக இழுத்தால் பவுடர் சாதனத்திலேயே தங்கிவிடும். சாதனத்துக்குள் ஊதினாலோ ஈரம் பட்டாலோ கட்டிதட்டும். சிறு குழந்தைகளுக்கும், வேகமாக இழுக்கத் தெம்பில்லாதவர்களுக்கும் ஒத்துவராது. மருத்துவர் முன் ஒருமுறை இழுத்துக் காட்டிவிட்டு மாறுங்கள்.

கேள்வி: தீர்ந்துவிட்டதா என்று குலுக்கிப் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. மருந்து தீர்ந்தபின்னும் வாயு மிச்சமிருந்து 'புஸ்' என்று வரும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் ஏமாற்றும், மருந்து வெளிவரும் துளையும் அடைபடும். எண் காட்டும் கவுண்டர் இருந்தால் அதை நம்புங்கள். இல்லையென்றால், தினமும் ஒரே அளவு எடுக்கும் இன்ஹேலருக்குக் கணக்கு எளிது: தொடங்கிய தேதியை உறைமேல் எழுதுங்கள், தினம் 4 பஃப் என்றால் 200 பஃப் 50 நாளில் முடியும். ரிலீவர் என்றால் எடுக்க எடுக்கக் குறித்துவைக்கவேண்டியதுதான். காலி குப்பியைத் துளைக்கவோ நெருப்பில் போடவோ வேண்டாம், வெடிக்கும். குப்பையில் போட்டால் மிச்ச வாயு மெல்லக் கசிந்து காற்றில் கலக்கும். திரும்பப் பெறும் மருந்துக்கடை இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள்.