6/6 இருந்தும் பார்வை குறையுமா? ஃபீல்டு டெஸ்ட் பற்றிய கேள்வி பதில்

கண் மருத்துவமனை ஒன்றில் பார்வைப் பரிசோதகராகப் பணிபுரிகிறேன். என் வேலை நேரத்தில் பெரும்பகுதி பார்வைப் புலப் பரிசோதனை அறையிலேயே கழிகிறது. நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் கண்ணுக்குத் தெரியும் பரப்பு முழுவதும்தான் பார்வைப் புலம். மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனையை ‘ஃபீல்டு டெஸ்ட்’ என்றோ ‘பெரிமெட்ரி’ என்றோ சொல்வார்கள். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். உங்கள் கண்ணை நேரில் பார்த்த மருத்துவரின் முடிவே இறுதியானது.

விருதுநகர் வாசகர்: வணக்கம் மேடம். வயது 47. இரண்டு கண்ணிலும் 6/6. அப்பாவுக்குக் கிளாக்கோமா இருந்தது. மருத்துவர் ஃபீல்டு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரியும்போது இது வீண் செலவு இல்லையா?

இல்லை. கிளாக்கோமா பார்வை நரம்பை மெல்லச் சிதைக்கும் நோய்; குடும்பத்தில் தொடரக்கூடியது. உங்கள் அப்பாவுக்கு அது இருந்தது என்பதே போதுமான காரணம்.

சாதாரணப் பார்வை உள்ளவர் 6 மீட்டரில் படிக்கும் எழுத்தை நீங்களும் 6 மீட்டரில் படிக்கிறீர்கள் என்பதுதான் 6/6. நெதர்லாந்தின் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட பலகையிலிருந்து வந்த கணக்கு இது. அந்த வரியில் உள்ள ஓர் எழுத்து உங்கள் பார்வையில் அடைக்கும் இடம் ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆனால் ஒரு கண்ணின் பார்வை மூக்குப் பக்கம் சுமார் 60 பாகை, காதுப் பக்கம் சுமார் 100 பாகை, மேலே 60, கீழே 70 பாகைக்கு மேல் என விரிந்து கிடக்கிறது. எழுத்துப் பலகையோடு நிறுத்திக்கொள்வது, வாசலை அடைத்துப் போட்ட கோலத்தில் நடுப்புள்ளி அழியவில்லை என்று பார்த்துவிட்டு உள்ளே போவதைப் போன்றது.

பரவலாகக் காணப்படும் கிளாக்கோமா பெரும்பாலும் நடுப் பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கும். மூக்குப் பக்கத்திலும், மேலேயும் கீழேயும் வில்லாக வளைந்த பகுதிகளிலும் பார்வையை அரித்துக்கொண்டே போகும். வலி இருக்காது, கண் சிவக்காது. ஒரு கண் விட்டதை மறு கண் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிவிடும். அதனால் கறுப்புத் திட்டு எதையும் நோயாளி உணர்வதில்லை. சென்னை நகரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நடந்த சென்னை கிளாக்கோமா ஆய்வில் நோய் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள். போன பார்வை திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை ஆகியவற்றால் காக்கலாம். தயவுசெய்து பரிசோதனைக்குப் போங்கள். உங்கள் உடன்பிறந்தவர்களையும் அனுப்பிவையுங்கள்.

திருச்சி வாசகி: பரிசோதனையில் பாதி வெளிச்சம் எனக்குத் தெரியவே இல்லை. பார்வை போய்விட்டது என்று நினைத்து அழுதுகொண்டே வெளியே வந்தேன்.

அழ வேண்டாம் அம்மா. நோயே இல்லாத கண்ணுக்கும் ஏறக்குறைய பாதி வெளிச்சம் தெரியாமல் போகும்படிதான் அந்தக் கருவி அமைக்கப்பட்டிருக்கிறது.

ஹம்ஃப்ரி போன்ற கருவிகளில் வெள்ளைக் கிண்ணத்துக்குள் ஒரு புள்ளி வெளிச்சம் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே தோன்றி மறையும். நீங்கள் பொத்தானை அழுத்தினால், அதே இடத்தில் அடுத்த முறை அதைவிட மங்கலாகக் காட்டும். அழுத்தாவிட்டால் கொஞ்சம் கூட்டிக் காட்டும். தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் இடையே உள்ள எல்லையைத்தான் அது ஒவ்வோர் இடத்திலும் தேடுகிறது. பரவலாகச் செய்யப்படும் 24-2 என்ற முறையில் ஆறு ஆறு பாகை இடைவெளியில் 54 இடங்கள். அந்த எல்லையை டெசிபல் எண்ணாக அச்சிடும். எண் கூடக் கூட அந்த இடம் மங்கலான ஒளியையும் உணர்கிறது என்று பொருள். பூஜ்யம் என்றால், கருவியின் மிகப் பிரகாசமான ஒளிதான் அங்கே உணரப்பட்டது.

இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாமல் ஒருவரைக் கிண்ணத்தின் முன் உட்கார வைப்பது சரியில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயந்தவருக்குக் கவனம் சிதறும்; கவனம் சிதறினால் முடிவும் கெடும். அடுத்த முறை இயல்பாகக் கண் சிமிட்டுங்கள். களைப்பாக இருந்தால் பரிசோதகரிடம் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி ஓய்வெடுத்துத் தொடரலாம்.

ஈரோடு வாசகர்: கருவியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் வெளிச்சம் வந்திருக்கும் என்று அழுத்திவிட்டேன். தவறா?

ஆம். ஊகித்து அழுத்தினால் நோய் உள்ள இடமும் நல்ல இடமாகப் பதிவாகிவிடும். இத்தகைய பொய் அழுத்தல் 15 சதவீதத்தைத் தாண்டினால் நான் அந்த ரிப்போர்ட்டை நம்பமாட்டேன். தவறவிடுவதைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் இது நோயை மறைக்கிறது. பரிசோதகரிடம் சொல்லி மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

சேலம் வாசகர், வயது 66: முதல் ரிப்போர்ட்டிலேயே இரண்டு கண்ணிலும் மேல்பகுதி கறுப்பாக இருக்கிறது. ‘இயல்பு வரம்புக்கு வெளியே’ என்று போட்டிருக்கிறது. எனக்குக் கிளாக்கோமாவா?

அந்த ஒரு தாளை வைத்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் வயதில் மேல் இமை தளர்ந்து தொங்கினாலே மேல்பகுதி கறுத்துவிடும். இமையைப் பிளாஸ்திரியால் லேசாகத் தூக்கி ஒட்டிவிட்டு எடுத்தால் கறுப்பு விலகுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பரிசோதனைக்காக வைக்கும் கண்ணாடியின் விளிம்பு மறைத்தாலும் ஓரம் கறுக்கும். முதல் முறை செய்பவர்களுக்குப் பழக்கமின்மையாலும் முடிவு மோசமாக வரும். இரண்டாவது முறை தேறிவிடும். மறுபடி எடுத்தபோதும் அதே இடத்தில் குறை இருந்து, பார்வை நரம்பின் தோற்றமும், விழித்திரை அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் அதோடு ஒத்துப்போனால்தான் அது நோயின் அடையாளம். ஆகவே பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். மறு பரிசோதனைக்குத் தேதி வாங்குங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி: அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதம். இடப்பக்கக் கதவு நிலையில் இடித்துக்கொள்கிறார். வாசிக்கவும் முடியவில்லை. கண்ணாடி மாற்றியும் பயனில்லை.

இது கண்ணாடியால் தீரக்கூடியதல்ல. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டால் இரண்டு கண்ணிலும் இடப்பாதிப் பார்வை போகலாம். ‘இடக்கண் தெரியவில்லை’ என்று குடும்பத்தார் நினைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு கண்ணிலும் இடப்பாதிதான் தெரியாது. மூளையின் எந்தப் பகுதி பார்வையின் எந்தப் பகுதியைத் தாங்குகிறது என்பதை ஜப்பானியக் கண் மருத்துவர் தட்சுஜி இனோயே, 1904-05 ருஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டு துளைத்தும் பிழைத்த வீரர்களின் பார்வைப் புலத்தை அளந்து வரைந்துகாட்டினார். ஃபீல்டு டெஸ்ட் கண்ணுக்கு அப்பாலும் பேசும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

முதலில் பார்வைப் புலத்தை அளந்து உறுதிசெய்யுங்கள். வீட்டில், தலையை இடப்பக்கம் திருப்பித் தேடிப் பார்க்கும் பழக்கத்தை அம்மாவுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள். வாசிக்கும்போது அவர் வரியின் தொடக்கத்தைத் தவறவிடுவார்; பக்கத்தின் இட ஓரத்தில் சிவப்பு அட்டை ஒன்றை வைத்து, அது தெரியும்வரை கண்ணை நகர்த்தச் சொல்லுங்கள். தெருவில் நடக்கும்போது நீங்கள் அவருடைய இடப்பக்கம் வாருங்கள். இடப்பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வே இல்லாதவர்போல அவர் நடந்துகொண்டால், அது கவனம் சார்ந்த வேறொரு குறையாகவும் இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

கோவை வாசகர்: மூட்டுவாத நோய்க்கு என் மனைவி ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறார். பார்வை நன்றாக இருக்கிறது. எதற்குக் கண் பரிசோதனை?

இந்த மருந்து சிலருக்கு, நீண்ட காலத்தில், விழித்திரையைச் சேதப்படுத்தும். அந்தச் சேதம் மீளாது. எனவே தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒருமுறை பார்த்துவைத்து, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் ஃபீல்டு டெஸ்ட்டும் ஓ.சி.டி.யும் எடுப்பது வழக்கம். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ அளவு கூடுதலாக இருந்தாலோ இன்னும் முன்பே தொடங்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்குள் அளவு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆசியர்களுக்குச் சேதம் நடுவைவிட்டுச் சற்றுத் தள்ளித் தொடங்குவது உண்டு. ஆகவே நடுவை மட்டும் பார்க்கும் 10-2 முறை போதாது, அதைவிட அகன்ற பகுதியைப் பார்க்கும் 24-2 அல்லது 30-2ம் வேண்டும். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கடலூர் வாசகர்: தம்பிக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோய். 6/12 படிக்கிறான், ஆனால் குழாய் வழியே பார்ப்பதுபோல நடக்கிறான். ‘எழுத்து தெரிகிறதே’ என்று சொல்லி மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தரவில்லை.

சட்டம் அவன் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, எழுத்துப் பார்வையை மட்டும் அளவுகோலாக வைக்கவில்லை. பார்வைப் புலம் 10 பாகைக்குள் சுருங்கியிருந்தால் அதையும் பார்வையின்மை என்றே வரையறுக்கிறது. 40 பாகைக்குக் குறைந்து 10 பாகைவரை இருந்தால் குறைபார்வை. ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்டை இணைத்து, மருத்துவரின் கையெழுத்தோடு மறுபடி விண்ணப்பியுங்கள். படிக்க முடிந்தவன் சாலையைக் கடக்க முடியாமல் நிற்பது பலருக்குப் புரிவதில்லை. அந்தத் தாள்தான் புரியவைக்கும்.

மதுரை வாசகி: கைப்பேசிச் செயலியில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா அம்மா?

கிளாக்கோமாவுக்கு அதை நம்பி இருக்க வேண்டாம். விழித்திரையின் நடுப்பகுதி நோய் உள்ளவர்கள் ஆம்ஸ்லர் கட்டத்தாளை, அதாவது நடுவில் ஒரு புள்ளியோடு சிறு சதுரக் கட்டங்கள் போட்ட தாளை, வீட்டில் பயன்படுத்தலாம்: படிக்கும் கண்ணாடியோடு, ஒவ்வொரு கண்ணாக, 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோடுகள் புதிதாக நெளிந்தால் காத்திருக்காதீர்கள்.

நாகர்கோவில் வாசகர்: போன மாதம் கிளாக்கோமா உறுதியானது. எத்தனை முறை இந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்?

முதல் இரண்டு ஆண்டுகளில் ஆறு முறை எடுத்தால், வேகமாக மோசமாகும் கண்களை முன்கூட்டியே பிடிக்க முடியும் என்பது கிளாக்கோமா நிபுணர்கள் பலரும் ஏற்கும் வழிகாட்டுதல். அதன்பின் உங்கள் நிலைமையைப் பொறுத்து மருத்துவர் குறைப்பார். இயன்றவரை ஒரே வகைக் கருவியில், ஒரே முறையில் எடுங்கள். கருவி மாறினால் பழைய எண்களோடு ஒப்பிட முடியாது. எல்லா ரிப்போர்ட்டையும், முதல் முறை சரியாக வராததையும் சேர்த்து, தேதி வரிசையில் கோப்பில் வைத்து ஒவ்வொரு முறையும் எடுத்துப் போங்கள்.