கம்பெனிக்குள் மட்டும் ஓடும் இன்ட்ராநெட் எதற்கு? வாட்ஸ்அப் குரூப் போதாதா?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். போதாது என்பதுதான் என் பதில்.

இன்ட்ராநெட் என்பது வெளியாள் நுழைய முடியாத உள்வலை. பிரவுசரில் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் முகவரியில் திறக்கும். இவை தனி வலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை (ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணைய விதிமுறை ஆவணம், 1996-ஆம் ஆண்டு); பொது இணையத்தில் செல்லாது. அதை மட்டும் நம்பிவிடாதீர்கள், வெளியிலிருந்து வரும் அத்துமீறலைத் தடுக்கும் ஃபயர்வாலும் பாஸ்வேர்டும் கட்டாயம்.

சீசனில் லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசைகட்டி நிற்கும். பெங்களூரா மாங்காய் லோடு எடைமேடையில் ஏறியதும் எடை இன்ட்ராநெட்டில் பதிவாகி, உடனே லேபுக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் தெரிந்துவிடும். வெளியே இன்டர்நெட் கேபிள் அறுந்தாலும் சர்வர் ஆலைக்குள்ளேயே இருப்பதால் எடை போடுவது நிற்காது. விவசாயி வெயிலில் காத்துக் கிடக்க வேண்டாம் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிசு.

தொழிலாளிக்கு சம்பளச் சீட்டு, ஷிப்ட் பட்டியல், லீவு விண்ணப்பம் எல்லாம் ஒரே இடத்தில். கேன்டீன் பக்கம் பொதுக் கம்ப்யூட்டர் ஒன்று வையுங்கள், திரை தமிழில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் போட்ட சுற்றறிக்கை வேலையை விட்டவர் போனிலும் தங்கிவிடும். இன்ட்ராநெட்டில் அவர் கணக்கை மூடினால், அதற்குமேல் அவரால் உள்ளே வர முடியாது.