வாசகர் கேள்வி – பதில்: 210 ஆண்டும் 18 நிமிடமும்

கேள்வி: இஸ்ரவேலர் எகிப்தில் இருந்தது 430 ஆண்டு என்கிறது பைபிளின் யாத்திராகமம். ஆதியாகமத்தில் 400 என்று வருகிறது. யூதர்கள் 210 என்கிறார்களே, எப்படி?

பதில்: 430ஐ அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு உதைக்கிறது. இஸ்ரவேலரின் மூதாதையான யாக்கோபோடு எகிப்துக்குப் போனவர்களின் பட்டியலில் லேவியின் மகன் கோகாத் இருக்கிறார். அவர் வாழ்ந்தது 133 ஆண்டு. அவர் மகன் அம்ராம் 137 ஆண்டு. அம்ராமின் மகன் மோசே, இஸ்ரவேலரை விடுவிக்கக் கேட்டு எகிப்து அரசன் பார்வோன் முன் நின்றபோது வயது 80. ஒன்றையும் கழிக்காமல் கூட்டினாலே 350தான் வரும். அதனால் யூத அறிஞர்கள் 400ஐ ஆபிரகாமின் மகன் ஈசாக்கு பிறந்ததிலிருந்து எண்ணினார்கள். ஈசாக்கின் 60ஆம் வயதில் யாக்கோபு பிறந்தார். யாக்கோபு எகிப்துக்குப் போனபோது வயது 130. 400இல் 190 போக மிச்சம் 210. 430 என்பது ஆபிரகாமோடு கடவுள் செய்த உடன்படிக்கையிலிருந்து எண்ணுவது.

அந்த 210 ஆண்டும் அடிமைகளாகச் செங்கல் சுமந்ததாகவும் மரபு சொல்லவில்லை. யாக்கோபின் மகன்களில் கடைசியாக இறந்தவர் லேவி. அவர் இருந்தவரை கொடுமை தொடங்கவில்லை; எனவே கொடுமைக்காலம் அதிகபட்சம் 116 ஆண்டு என்பது அவர்கள் கணக்கு. இதெல்லாம் வேதத்துக்கு உள்ளேயே நின்று போட்ட கணக்கு. தொல்லியல் தேதிகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா பண்டிகைக்குச் சுடும் மாட்ஸா என்ற புளிக்காத அப்பம் வெறும் மாவும் தண்ணீரும்தானே? அதில் அப்படி என்ன தவறிவிடப் போகிறது?

பதில்: நிறையவே தவறும். எகிப்திலிருந்து துரத்தப்பட்டபோது பிசைந்த மாவு புளிக்க நேரமில்லை. அந்த அவசரத்தைத்தான் ஒவ்வோர் ஆண்டும் கையால் செய்து பார்க்கிறார்கள்.

தண்ணீரில் தொடங்கலாம். அந்தி நேரத்தில் எடுத்து இரவு முழுக்க ஆறவைத்த தண்ணீர்தான் வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் மாவை வேகமாகப் புளிக்க வைத்துவிடும். தண்ணீர் மாவைத் தொட்ட நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். 18 நிமிடத்துக்குள் பிசைந்து, தேய்த்து, துளையிட்டு, அடுப்புக்குள் போயாக வேண்டும். மாவைச் சும்மா போட்டுவைக்கக் கூடாது. ஒரு சுற்று முடிந்ததும் மேசை விரிப்பை மாற்றுவார்கள். உருட்டுக்கட்டையில் பொட்டு மாவு ஒட்டியிருந்தாலும் அது அடுத்த சுற்றைக் கெடுக்கும் என்பதால் அதையும் சுத்தம் செய்வார்கள் அல்லது மாற்றுவார்கள்.

துளை அழகுக்காக இல்லை. துளை போதாவிட்டால் உள்ளே காற்று அடைத்து உப்பும். அப்படி உப்பியதைத் தள்ளிவிட வேண்டும். அடுப்பில் வைக்கும்போது ஓரம் மடங்கிவிட்டாலும் மடிப்பின் உட்பக்கம் சூடு படாமல் புளித்துவிடும். அந்த இடத்தையும் அதைச் சுற்றியும் உடைத்தெறிவார்கள். வெந்ததா என்று பார்க்க ஒன்றைப் பிட்டால் போதும்: இரண்டு துண்டுக்கும் நடுவே மாவு இழை நீண்டால் வேகவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாட்ஸாவுக்கு உரியவை கோதுமை, பார்லி, ஸ்பெல்ட் (ஒருவகைக் கோதுமை), ரை, ஓட்ஸ் ஆகிய 5 தானியங்கள் மட்டுமே. புளிக்கக்கூடிய தானியத்தைப் புளிக்காமல் காத்தால்தான் அது மாட்ஸா என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத். அரிசி புளிக்காது, கெட்டுத்தான் போகும் என்பது அவர்கள் தீர்ப்பு. ஆகவே அரிசியில் மாட்ஸா கிடையாது. முழுச் சடங்கிலும் மிக நுட்பமான விதி இதுதான் என்பேன்.

கேள்வி: பஸ்கா இரவின் விடுதலை விருந்தில் திராட்சரசத்தைச் சிந்துவது ஏன்?

பதில்: கடவுள் எகிப்தின் மேல் அனுப்பிய 10 வாதைகளையும் (தண்டனைகளையும்) வாசிக்கும்போது வாதைக்கு ஒரு துளி கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். எகிப்தியர் சாவில் கிடைத்த விடுதலைக்குக் கிண்ணம் முழுசாக இருக்கக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பண்டிகையின் பிந்திய நாட்களில் துதிப்பாடலைக் குறைத்துப் பாடுவதற்கும் இப்படி ஒரு காரணம் சொல்வதுண்டு.

கேள்வி: அடிமைகளாக இருந்து மீண்டவர்களே அடிமை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்திருந்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டம் அவர்கள் கையைக் கட்டிப்போட்டது. வறுமையாலோ திருட்டுக்கு ஈடாகவோ விற்கப்பட்ட எபிரெயன், அதாவது இஸ்ரவேலன், 6 ஆண்டு உழைத்தால் போதும், 7ஆம் ஆண்டு விடுதலை. வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் திராட்சை ஆலையிலிருந்தும் கொடுத்தனுப்ப வேண்டும் என்கிறது உபாகமம். எஜமான் நல்ல ரொட்டி தின்று அவனுக்கு மட்டமானதைக் கொடுக்கக் கூடாது, தான் மெத்தையில் படுத்து அவனை வைக்கோலில் படுக்கவைக்கவும் கூடாது என்று தல்மூத் சேர்க்கிறது. எபிரெய அடிமையை வாங்கியவன் தனக்கு ஓர் எஜமானை வாங்கியவன் என்ற வழக்கு அங்கிருந்துதான் வந்தது.

போக மாட்டேன் என்று அடம்பிடிப்பவனின் காதைக் கதவோடு சேர்த்துக் குத்த வேண்டும். ஏன் காது? இஸ்ரவேலர் என் ஊழியக்காரர் என்று கடவுள் சொன்னதைக் கேட்ட காது, தானே போய் இன்னொரு எஜமானைத் தேடிக்கொண்டதே என்கிறார்கள் யூத மத ஆசிரியர்களான ரபிகள்.

அந்நிய அடிமைக்கு இந்த 7ஆம் ஆண்டு விடுதலை கிடையாது. இது அந்தச் சட்டத்தின் பெரிய குறை. ஆயினும் எஜமான் அடித்துக் கண்ணோ பல்லோ போனால் அவனுக்கும் விடுதலை. எஜமானிடமிருந்து தப்பி வந்தவனைத் திருப்பி ஒப்படைக்கவும் தடை உண்டு. சட்டம் எழுதியபடியே நடந்ததா என்றால், சிதேக்கியா அரசன் காலத்தில் எருசலேம் மக்கள் அடிமைகளை விடுவித்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டார்கள். தீர்க்கதரிசி எரேமியா அதற்காக அவர்களைக் கடுமையாகச் சாடியது அவர் நூலின் 34ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.