ஃபிளைட் சிமுலேட்டர் காக்பிட்டில் வைக்கும் சின்ன எல்இடிக்கு கரண்ட் எப்படிக் கொடுப்பது? 9 வோல்ட் பேட்டரி போதுமா?

லேண்டிங் கியர் (விமானச் சக்கரம்) லிவருக்கு மேலே 5 மி.மீ. பச்சை எல்இடி ஒன்று, அதற்கு 9 வோல்ட் பேட்டரியை நேராக மாட்டலாமா என்பது கேள்வி. நேராக மாட்டாதீர்கள். கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் இல்லாமல் கொடுத்தால் ஒரு முறை பளிச்சென்று எரியும், அதோடு அதன் கதை முடிந்தது.

பேட்டரி வேண்டும் என்றால் 680 ஓம் ரெசிஸ்டர் சேர்த்து மாட்டலாம். ஆனால் சதுர 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி. 10 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஐம்பது மணி நேரம். அணைக்க மறந்தால் இரண்டு நாளில் காலி. பக்கத்திலேயே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க இது எதற்கு? அதன் யுஎஸ்பி 5 வோல்ட் தருகிறது, பழைய 2.0 போர்ட்டே 500 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். பவர் பேங்க்கையும் தவிர்த்துவிடுங்கள். இவ்வளவு குறைவாகக் கரண்ட் இழுத்தால் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து அரை நிமிடத்தில் தானே அணைந்துவிடும்.

பழைய யுஎஸ்பி ஒயர் ஒன்றை வெட்டினால் உள்ளே சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். பச்சையையும் வெள்ளையையும் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்குங்கள். மலிவான ஒயர்களில் நிறத்தை நம்ப முடியாது, மல்டிமீட்டரில் 5 வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே சால்டர் வையுங்கள். இந்தச் சோதனையை போன் சார்ஜரில் செய்வது நல்லது. ஷார்ட் ஆனாலும் மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகாது.

ரெசிஸ்டர் கணக்கு இதுதான்: சப்ளை வோல்ட்டில் எல்இடி எடுத்துக்கொள்ளும் வோல்ட்டைக் கழித்து, வேண்டிய கரண்டால் வகுக்க வேண்டும். சிவப்பு சுமார் 2 வோல்ட் எடுக்கும். மீதி 3 வோல்ட், 10 மில்லி ஆம்பியர் என்றால் 300 ஓம். கடையில் கிடைப்பது 330. நீலம், வெள்ளை இரண்டும் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே எடுக்கும், அவற்றுக்கு 220. கால் வாட் ரெசிஸ்டர் தாராளம்.

பச்சையில்தான் குழப்பம். மஞ்சள் கலந்த பழைய வகைப் பச்சை 2.1 வோல்ட் எடுக்கும். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் புதிய பிரகாசமான பச்சை 3 வோல்ட் எடுக்கும். எது என்று தெரியாவிட்டால் 1 கிலோ ஓம் போட்டு எரியவிட்டு, எல்இடியின் இரண்டு கால்களிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சொல்லப்போனால் அந்த 1 கிலோ ஓமை அப்படியே விட்டுவிடலாம். எல்இடி 20 மில்லி ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருப்பதால் எல்லாரும் அதைக் கொடுக்கப் பார்க்கிறார்கள். இருட்டறையில் இரவு லேண்டிங் செய்யும்போது அந்த வெளிச்சம் கண்ணில் குத்தும், பக்கத்து மீட்டர் தெரியாது. 2, 3 மில்லி ஆம்பியரே போதும். தெளிவான பச்சைக்கு 4.7 கிலோ ஓம் போட்டாலும் நன்றாகத் தெரியும். தெளிவான வகையில் நடுவில் மட்டும் ஒரு பொட்டு எரியும்; தலையை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தால் வெளிச்சம் பரவும். பக்கவாட்டில், சூடுபட்டால் சுருங்கும் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து ஒளிரும்.

நீளமான கால் பிளஸ். காலை வெட்டிவிட்டால் விளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ். 5 வோல்ட்டில் மாற்றி மாட்டினால் எரியாது, அவ்வளவுதான். 12 வோல்ட்டில் மாற்றி மாட்டினால் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

மூன்று சக்கரத்துக்கு மூன்று விளக்கு என்றால் மூன்று ரெசிஸ்டர். ஒரே ரெசிஸ்டரில் மூன்றையும் பேரலலாக (பக்கம் பக்கமாக) போட்டால், எது கொஞ்சம் குறைந்த வோல்ட்டில் எரிகிறதோ அது கூடுதல் கரண்ட்டை இழுக்கும், சூடாகும், சூட்டில் இன்னும் இழுக்கும். மற்ற இரண்டும் மங்கும்.

இதெல்லாம் எந்நேரமும் எரியும் விளக்குக்கு. கியர் விளக்கு அப்படி எரிவது பொய். ஏர்பஸ் 320இல் சக்கரம் இறங்கிப் பூட்டிய பிறகே பச்சை முக்கோணம் வரும், நடுவழியில் சிவப்பு, மேலே போய்ப் பூட்டியதும் எதுவும் எரியாது. சிமுலேட்டரே ஏற்றி அணைக்க வேண்டுமென்றால் ஆர்டுயினோ மெகா அல்லது ப்ரோ மைக்ரோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டும், அதைச் சிமுலேட்டரோடு இணைக்கும் இலவச மோபிஃபிளைட் மென்பொருளும் போதும். போர்டில் ஒயர் மாட்டும் கால்களான பின்களில் (pin) ஒன்றிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து எல்இடியின் நீளக் கால், குட்டைக் கால் கிரவுண்டுக்கு (போர்டின் மைனஸ்). போர்டுக்கு யுஎஸ்பியே சப்ளை, வேறு எதுவும் வேண்டாம். ஒரு பின்னில் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்காதீர்கள். 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. ப்ரோ மைக்ரோ வாங்கும்போது 5 வோல்ட் வகைதானா என்று பாருங்கள். 3.3 வோல்ட் வகையும் விற்கிறது, அதில் வெள்ளையும் நீலமும் மங்கிக் கிடக்கும்.

பேனல் பின்வெளிச்சத்துக்கு எல்இடி ஸ்ட்ரிப் ஒட்ட ஆசை வரும். அதைப் பின்னில் மாட்டவே கூடாது. மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 3528 வகை, 12 வோல்ட்டில் மீட்டருக்கு 400 மில்லி ஆம்பியர் இழுக்கும். பழைய ரவுட்டரின் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்று, நடுவில் சுவிட்ச் போல வேலை செய்யும் ஐஆர்எல்இசட்44என் மோஸ்ஃபெட் ஒன்று. அதன் மூன்று கால்கள் கேட், ட்ரெயின், சோர்ஸ். கேட்டுக்கு 220 ஓம் வழியாக ஆர்டுயினோ பின், கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம், ட்ரெயினில் ஸ்ட்ரிப்பின் மைனஸ், சோர்ஸ் கிரவுண்டில். வேகமாக அணைத்து ஏற்றி வெளிச்சத்தைக் குறைக்கும் பிடபிள்யுஎம் வசதியுள்ள பின்னாக இருந்தால் டிம்மரும் கிடைத்துவிடும். மாடியூலாக விற்கும் ஐஆர்எஃப்520 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்காது, சூடாகும்.

மோஸ்ஃபெட் சரியாக இருந்தும் ஸ்ட்ரிப் எரியவில்லை, அல்லது கண்டபடி மின்னுகிறது என்றால் அடாப்டரின் மைனஸை ஆர்டுயினோ கிரவுண்டோடு இணைக்க மறந்திருப்பீர்கள். இணைக்க வேண்டியது மைனஸை மட்டும். 12 வோல்ட் பிளஸ் தவறிப்போய் 5 வோல்ட் பின்னில் பட்டால் போர்டு போய்விடும், கூடவே கம்ப்யூட்டரின் யுஎஸ்பி போர்ட்டும் போகலாம்.