முக்கவில்லை, அடக்குகிறாள்: இரண்டரை வயதுக் குழந்தையின் மலச்சிக்கல்

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். மகளுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. மூன்று மாதமாக நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் ஆய் போகிறாள். வரும் நேரத்தில் கதவுக்குப் பின்னால் போய் நின்று, உடம்பை விறைத்துக்கொண்டு முக்குகிறாள். வெளியே வரும்போது கதறுகிறாள். போன இரண்டு தடவையும் மலத்தின்மேல் கோடு போல ரத்தம். டாக்டர் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தார். ஐந்தாவது நாள் இளகிப் போனதும், மருந்து பழகிவிடுமோ என்று நிறுத்திவிட்டோம். அடுத்த வாரமே பழையபடி ஆகிவிட்டது. மாமியார் சோப்புத் துண்டு வைக்கச் சொல்கிறார். சாப்பாடு குறைவு, பால் மட்டும் நாலு தம்ளர் குடிப்பாள். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அடுத்த முறை அவள் காலைக் கவனியுங்கள். குதிகால் தரையில் பதியாது, விரல் நுனியில் ஏறி நிற்பாள். தொடைகள் இரண்டும் ஒட்டியிருக்கும், அல்லது கால்கள் பின்னிக்கொண்டிருக்கும். கை நாற்காலியையோ கட்டில் சட்டத்தையோ இறுக்கிப் பிடித்திருக்கும். முகம் சிவந்து வியர்க்கும். மலத்தை வெளியே தள்ளப் பார்க்கிற குழந்தை இப்படி நிற்காது. முழங்காலை மடக்கிக் குத்தவைக்கும். உங்கள் மகள் முக்கவில்லை, வருவதை உள்ளேயே அடக்குகிறாள். பெரும்பாலான பெற்றோர் இதை முக்குவது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பக்கத்தில் நின்று ஊக்கப்படுத்தவும் செய்கிறார்கள். குழந்தைக்கு அது கூடுதல் பயம்.

ஏன் அடக்குகிறாள்? எப்போதோ ஒருமுறை மலம் கெட்டியாகப் போய் வலித்திருக்கும். காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாத ஒரு வாரமாக இருக்கலாம், குளிரில் தண்ணீர் குடிக்காத சில நாட்களாக இருக்கலாம். காரணம் போய்விட்டது, வலித்த நினைவு மட்டும் தங்கிவிட்டது. அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாலு நாளில் அது கல்லாகிறது, தடிமனும் கூடுகிறது. அது வெளியே வரும்போது ஆசனவாயின் ஓரம் கிழிகிறது. நீங்கள் பார்த்த ரத்தக் கோடு அந்த வெடிப்பிலிருந்து வருவதுதான். மறுபடி வலி, மறுபடி அடக்கல். மலம் தேங்கத் தேங்க மலக்குடல் விரிந்து, "வருகிறது" என்ற உணர்வும் மழுங்கிப்போகும். அதனால்தான் ஐந்து நாள் சிரப் போதவில்லை. மலத்தை இளக்க ஐந்து நாள் போதும்; வலி மறக்கவும் விரிந்த குடல் சுருங்கவும் மாதங்கள் ஆகும். மருந்து சரியானதே, நாட்கள்தான் போதவில்லை.

"பழகிவிடும்" என்ற பயத்தை விடுங்கள். லாக்டுலோஸும் சரி, பெக் பவுடர் என்று டாக்டர்கள் சொல்லும் பாலிஎதிலீன் கிளைக்காலும் சரி, குடலை முடுக்கிவிடும் மருந்துகள் இல்லை. மலத்துக்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பதுதான் அவற்றின் வேலை. குடல் சோம்பேறியாகிவிடாது. நடுவில் நிறுத்துவதில்தான் ஆபத்து அதிகம். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இன்னொரு கெட்டி மலம், இன்னொரு வலி. அவள் பயத்துக்குப் புதிதாக ஒரு சாட்சி.

இப்போது டாக்டரிடம் போய் முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடது அடிவயிற்றில் உருண்டையாகக் கட்டி தட்டுப்பட்டால் மலம் அடைத்திருக்கிறது என்று பொருள். ஜட்டியில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்த கறை படிவதும் இதற்கு அடையாளம். கெட்டி மலத்தைச் சுற்றிக்கொண்டு இளகியது கசிகிறது. அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. பொதுவாக இதற்கு எக்ஸ்ரே தேவைப்படாது.

அடைப்பு இருந்தால் அதை முதலில் வெளியேற்ற வேண்டும். அதற்கு பெக் பவுடரை எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை, மூன்று முதல் ஆறு நாள் கொடுப்பார்கள். 12 கிலோவுக்கு அது 12 முதல் 18 கிராம். அதன்பிறகு தினசரி அளவு கிலோவுக்கு 0.4 முதல் 0.8 கிராம், உங்கள் மகளுக்கு ஏறத்தாழ 5 முதல் 9.5 கிராம். லாக்டுலோஸ் என்றால் ஒன்று முதல் நாலு வயதுக்கு வழக்கமாக ஒரு வேளைக்கு 2.5 முதல் 10 மி.லி., தினம் இரு வேளை. அதில் வயிறு கொஞ்சம் உப்பும், காற்றுப் பிரியும். எது, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். இந்த எண்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சீட்டில் இருக்கும் அளவு மிகக் குறைவாக இருந்தால் "இது போதுமா?" என்று நீங்கள் கேட்க முடியும். மருந்துக்கடையில் வாங்கும்போது பொட்டலத்தில் எத்தனை கிராம் என்று படித்துப் பாருங்கள். பெரியவர்களுக்குக் குடல் பரிசோதனைக்கு முன் இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கும் பெரிய பாக்கெட்டும் அதே பெயரில் இருக்கும். அது இதற்கு இல்லை.

பவுடரைக் கரைக்கும் கணக்கு 17 கிராமுக்கு 240 மி.லி.; எட்டு, ஒன்பது கிராமுக்கு ஏறத்தாழ 120 மி.லி. தண்ணீர் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் தெளியும்வரை கலக்கி, ஒரே மூச்சில் குடிக்க வைக்காமல் காலை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பெரிதாகச் சுவை இருக்காது, ஜூஸிலும் கலக்கலாம். அடைப்பை வெளியேற்றும் அந்த நாட்கள் முழுக்க வீட்டிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் வளைவுகளில், பஸ்ஸில், வாந்தியோடு இதுவும் சேர்ந்தால் குழந்தை தாங்காது. முதலில் கட்டி கட்டியாக வரும், பிறகு கலங்கிய தண்ணீராக. தோல் எரியாமலிருக்க முன்கூட்டியே வாஸலினோ தேங்காய் எண்ணெயோ தடவி வையுங்கள்.

அதற்கப்புறம் குறி ஒன்றே: தினமும் ஒருமுறை, பிசைந்த வாழைப்பழம் போன்ற பதம். 1997இல் வெளியான பிரிஸ்டல் அட்டவணை மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. ஆட்டுப் புழுக்கை மாதிரி உதிரியாக வருவது முதல் வகை, முண்டு முண்டாகத் தடித்து வருவது இரண்டாவது, வழவழப்பாக நீண்டு வருவது நாலாவது. உங்களுக்கு வேண்டியது நாலு அல்லது ஐந்து. தண்ணீராகப் போனால் மருந்தில் கால் பங்கு குறையுங்கள். கெட்டியானால் கால் பங்கு கூட்டுங்கள். எதுவானாலும் டாக்டர் சொன்ன எல்லைக்குள் இருக்கட்டும். மாற்றினால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். இன்று கொடுத்த மருந்தின் பலன் இன்றே தெரியாது. தினம் ஒரு அளவு என்று மாற்றுகிற வீடுகளில் ஒரு வாரம் கல், ஒரு வாரம் தண்ணீர் என்று ஊசலாடும்.

உங்கள் மாமியார் சொல்வது பேத்தி துடிப்பதைப் பார்க்க முடியாமல்தான். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, காரணத்தைச் சொல்லுங்கள். சோப்பு காரத்தன்மை உள்ளது. மலக்குடலின் மென்மையான உள்தோலை அரிக்கும், ஏற்கெனவே வெடித்த இடத்தில் பட்டால் நெருப்பு வைத்த மாதிரி எரியும். வெற்றிலைக் காம்பும் அப்படித்தான், விரலும் அப்படித்தான்: அடக்குகிற குழந்தைக்குப் பின்பக்கத்திலிருந்து எது வந்தாலும் அது பயத்தைக் கூட்டும். விளக்கெண்ணெய் குடலை முறுக்கித் தள்ளும். உள்ளே முறுக்கல், வாசலில் அவள் அடக்கல் என்றால் வயிற்றுவலிதான் மிச்சம். அழும் குழந்தையின் வாயில் பாரஃபின் எண்ணெயையோ வேறெந்த எண்ணெயையோ ஊற்றவே ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவாகும். பாட்டியிடம் வேறு ஒரு வேலையைக் கொடுங்கள். குளியல் டப்பில் முழங்கை தாங்கும் சூட்டில் வெந்நீர் விட்டு, இடுப்பளவு தண்ணீரில் பத்து நிமிடம் பேத்தியை உட்காரவைத்து, பக்கத்திலேயே இருந்து கதை சொல்லட்டும். தினம் இரண்டு வேளை. இறுக்கம் தளரும், வெடிப்பும் ஆறும். மலம் இளகியே இருந்தால் சில வாரத்தில் வெடிப்பு தானே மூடிவிடும்.

அடுத்தது பால். நாலு தம்ளர் என்றால் 800 மி.லி. வரை வரும், இந்த வயதுக்கு 400, 500 மி.லி.க்கு மேல் வேண்டாம். பால் வயிற்றை நிறைத்துச் சாப்பாட்டுக்கு இடம் விடாது, அதில் நார்ச்சத்தும் இல்லை, இரும்புச்சத்தும் அநேகமாக இல்லை. இவ்வளவு பால் குடிக்கும் குழந்தைக்கு ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மலையில் குளிர் என்றதும் சூடாக எதையாவது கொடுக்கத்தான் கை போகும். அது பாலாகவும், டீயில் தோய்த்த வர்க்கி பிஸ்கட்டாகவும் ஆகிவிடுகிறது. வர்க்கி மைதா. டீ, சாப்பாட்டிலிருக்கும் கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. சூட்டுக்கு ரசம், பருப்புத் தண்ணீர், காய் சூப் கொடுங்கள். குளிரில் தாகம் தெரியாததால் அவளாகத் தண்ணீர் கேட்க மாட்டாள். ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, அவளுக்கென்று ஒரு சின்ன தம்ளரில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீட்டுங்கள். தேவைக்கு மேல் குடிக்க வைப்பதால் கூடுதல் பயன் இல்லை. மூத்திரம் வெளிர் மஞ்சளாகப் போனால் போதும்.

நார்ச்சத்துக்கு எளிய கணக்கு, வயதோடு ஐந்தைக் கூட்டுவது: உங்கள் மகளுக்கு நாளொன்றுக்கு 7, 8 கிராம். தோலோடு அரை பேரிக்காய் ஏறத்தாழ 3 கிராம், நன்கு பழுத்த ஒரு மலைவாழைப்பழம் 2, கால் கப் பட்டாணி 2, கால் கப் வெந்த கேரட் 1. அவ்வளவுதான், நீலகிரிச் சந்தையிலேயே எல்லாம் கிடைக்கும். பட்டாணியை மசித்துக் கொடுங்கள், முழுதாக விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். பேரிக்காய், ப்ளம்ஸ் இரண்டிலும் சார்பிட்டால் என்ற சர்க்கரை உண்டு. அது முழுதாகச் செரிக்காமல் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைக்கும், ஏறக்குறைய லாக்டுலோஸ் செய்கிற வேலையையே. மலைப் பேரிக்காய் கல் மாதிரி இருந்தால் ஆவியில் வைத்துத் தோலோடு துருவிக் கொடுக்கலாம். ப்ளம்ஸ் கோடையில்தான் வரும். மற்ற மாதங்களில் உலர்ந்த ப்ளம்ஸ் இரண்டை வெந்நீரில் ஊறவைத்து மசித்து, ஊறிய தண்ணீரோடு கொடுங்கள். குன்னூர் பக்கம் கிடைக்கும் பட்டர் ஃப்ரூட்டும் நல்லது. ஆனால் அடைப்பு வெளியேறும்முன் தவிடு, சிறுதானியம் என்று நாரை அள்ளிக் கொட்டாதீர்கள். அடைத்த குழாயில் மேலும் திணித்த மாதிரி ஆகும். சாப்பாடு மருந்துக்குத் துணை. மூன்று மாதம் அடக்கிய குழந்தையை அது மட்டுமே மீட்டுவிடாது.

கழிப்பறைப் பழக்கத்தை இப்போது ஆரம்பித்திருந்தால் இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். டயப்பரில்தான் போவேன் என்றால் போகட்டும். அடக்குவதைவிட டயப்பர் எவ்வளவோ மேல். வீட்டுக்கு வெளியே கழிப்பறை, சில்லென்ற சிமென்ட் தரை, மூன்று அடுக்குக் கம்பளி உடை: இத்தனையையும் கழற்றி அங்கே உட்காருவதைவிட அடக்கிக்கொள்வது அவளுக்குச் சுலபம். பாட்டியை (குழந்தைகள் உட்காரும் பிளாஸ்டிக் ஆசனத்தைச் சொல்கிறோம்) சமையலறைக் கதகதப்பில் வையுங்கள். வெந்நீரில் அலசித் துடைத்தபின் உட்காரவையுங்கள். வெஸ்டர்ன் கமோடானால் கால் தொங்கவே கூடாது. இரண்டு செங்கல்லைச் சாக்கில் சுற்றிப் பாதத்துக்குக் கீழே வைத்தால் முழங்கால் இடுப்பைவிட உயரும், மலம் வரும் பாதை நேராகும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையத் தொடங்கும். அதனால் காலை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம். அப்போது குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியில் ஊதி மூட்டம் போடச் சொல்லுங்கள். ஊதும்போது வயிறு அழுந்தும், அடிப்புறத் தசை தளரும். அவளுக்குத் தெரியாமலே அடக்கல் விட்டுப்போகும். ஆய் வந்ததா என்று கேட்காமல், உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள்.

சில குழந்தைகளுக்கு இது வெறும் அடக்கல் இல்லை. பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாதது, முதல் மாதத்திலேயே சிக்கல் தொடங்கியது, எடை கூடாதது, மலம் நாடா போல ஒல்லியாகவே வருவது, கால் பலவீனம், முதுகுத்தண்டின் அடியில் குழியோ முடிக்கொத்தோ இருப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தாலோ, காய்ச்சலோடு சோர்ந்து படுத்தாலோ, கோடு போல இல்லாமல் ரத்தம் கலந்தே வந்தாலோ காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைத்து அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முறையான மருந்துக்கும் அசையாத சில குழந்தைகளுக்கு இரண்டு முதல் நாலு வாரம் பசும்பாலை அடியோடு நிறுத்திப் பார்ப்பார்கள். அதை நீங்களாகச் செய்யாதீர்கள். தயிர், பனீர், பிஸ்கட்டில் இருக்கும் பால் எல்லாம் அதில் அடக்கம்.

தினசரி மருந்து குறைந்தது இரண்டு மாதம். அதில் கடைசி ஒரு மாதமாவது வலி இல்லை, அடக்கல் இல்லை, வாரம் முழுக்க இளகிய மலம் என்று இருக்க வேண்டும். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் பதத்தின் எண்ணை எழுதிவாருங்கள். அதைப் பார்த்து டாக்டர் குறைக்கச் சொன்னால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு என்று இறக்குங்கள். ஒரே ஒரு நாள் கெட்டியாகி, அவள் மறுபடி கதவுக்குப் பின்னால் போய்க் குதிகாலைத் தூக்கினால், மறுநாளே முந்தைய அளவுக்குத் திரும்புங்கள்.