ரோபோ போட்டிக்கான விளையாட்டைத் தன்னார்வலர்கள் எப்படி உருவாக்குகிறார்கள்?

ஒவ்வோர் ஆண்டும் புது விளையாட்டு வருகிறதே, சம்பளம் வாங்காத பத்துப் பேர் கூடி அதை எப்படி உருவாக்குகிறீர்கள், சண்டை வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். சண்டை போடத்தான் கூடுகிறோம் என்றே சொல்லலாம்.

பள்ளி மாணவர்களுக்கான ஒரு போட்டியில் நான்கு ஆண்டுகளாக விளையாட்டு வடிவமைப்புக் குழுவில் இருக்கிறேன். எங்களில் புரோகிராமர்கள் உண்டு, ஓர் ஆசிரியர் உண்டு, முன்பு இதே போட்டியில் ஆடிய கல்லூரி மாணவர்கள் இருவர் உண்டு. அப்புறம், போட்டி நாளில் நடுவராக நிற்கும் ஓர் அக்கா.

யோசனைக்குப் பஞ்சமே இல்லை. பந்தைக் கூடையில் போடலாம், பெட்டியை அடுக்கலாம், எதிரணியின் இடத்தைப் பிடிக்கலாம் என்று முதல் கூட்டத்திலேயே முப்பது வந்துவிடும். களத்தை வேனில் ஏற்ற முடியாது, செலவு தாங்காது, போன ஆண்டு ஆடியதன் நகல் என்று பாதிக்கு மேல் அங்கேயே கழியும். மிஞ்சியதை வைத்துத்தான் உண்மையான வேலை ஆரம்பம். அந்த வேலை, விளையாட்டை உடைத்துப் பார்ப்பது. யோசனை சொன்னவர் அதற்காக வாதாடக் கூடாது. இன்னொருவர் அதை ஆடி, குறுக்கு வழியில் ஜெயித்துக் காட்ட வேண்டும். எங்கள் குழுவில் எனக்குப் பிடித்த வழக்கம் இதுதான்.

பெரிய போட்டிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவில் தொடங்கிய, பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியின் 2010 ஆட்டம் கால்பந்து போன்ற பிரேக்அவே. அதில் தரவரிசைக்கு எடுத்த கணக்குப்படி தோற்ற தரப்புக்கும் ஜெயித்தவர்களின் புள்ளி கிடைத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் எப்படியும் தோற்கப்போகிறோம் என்று தெரிந்த தரப்பு, எதிராளியின் கணக்கில் கோல் போட்டுக்கொடுத்தால் தனக்கும் லாபம் என்று கண்டுகொண்டது. மூன்றுக்கு மூன்று என்ற ஆட்டம் சில சமயம் ஆறு ரோபோவும் ஒரே பக்கம் என்று ஆனது. 2015இன் ரீசைக்கிள் ரஷ்ஷில் இரு தரப்பும் மோதிக்கொள்ளவே முடியாதபடி களத்தின் குறுக்கே ஒரு படி. அந்தப் படிமேல் இருவரும் எடுக்கக்கூடிய, புள்ளியை ஏற்றும் நான்கு தொட்டிகள். உச்சகட்டப் போட்டிகளில் என்ன ஆயிற்று? தொடங்கிய நொடியிலேயே தொட்டியைப் பிடுங்கும் கைகளை அணிகள் செய்துகொண்டு வந்தன. இரண்டரை நிமிட ஆட்டத்தின் போக்கு கண் இமைப்பதற்குள் மாறியது. விதியை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. அதைப் படித்த அணிகள் அத்தனை கெட்டிக்காரர்கள்.

எங்கள் சோதனை ஆட்டம் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். தரையில் மாஸ்கிங் டேப்பால் களம் போட்டு, நாங்களே ரோபோ. ஒரு கையால்தான் தள்ளலாம், வேகமாக நடக்கக் கூடாது. ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பார். போன ஆண்டு, கட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் புள்ளி என்று எழுதியிருந்தோம். கோட்டின்மேல் பாதி நிற்கும் பெட்டி உள்ளேயா வெளியேயா? இரண்டு மணி நேரம் பேசினோம். மேலிருந்து பார்த்தால் பாதிக்கு மேல் உள்ளே இருக்க வேண்டும் என்று நான் ஒரு வரையறை எழுதினேன். அதைப் படித்துவிட்டு அக்கா கேட்டார்: "தம்பி, மேட்ச் முடிஞ்சு ஒரு நிமிஷத்துல பதினெட்டு பெட்டியை எண்ணணும். நான் என்ன கூரையிலயா தொங்கப் போறேன்?"

சுற்றிலும் மரச்சட்டம் அடிக்கலாம் என்றார் ஒருவர். புதிய அணிகளின் ரோபோ அதன்மேல் பெட்டியை ஏற்றித் தள்ளாது. கடைசியில், கோட்டைத் தொட்டாலே உள்ளே என்று வைத்துக்கொண்டு, இரண்டு கட்டங்களுக்கு இடையே பெட்டியின் மூலைவிட்டத்தைவிட அகலமாக இடைவெளி விட்டோம். ஒரு பெட்டி இரண்டு பக்கமும் தொடவே முடியாது. விதியில் முழுப் பக்கம் எழுத வேண்டியதை டேப்பை நகர்த்தித் தீர்த்தாயிற்று.

புள்ளிக் கணக்கு ஸ்பிரெட்ஷீட்டில் நடக்கும். தேர்ந்த அணி ஒரு பெட்டியை எட்டு நொடியில் கொண்டுவரும், புதிய அணிக்கு முப்பது ஆகும் என்று வைத்துக்கொண்டு இரண்டுக்கும் ஓட்டிப் பார்ப்போம். தொடக்கக் கோட்டைத் தாண்டினாலே ஒரு புள்ளி என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மாதக்கணக்கில் உழைத்த பிள்ளைகள் பூஜ்யத்தோடு வீட்டுக்குப் போகக் கூடாது.

விதிப்புத்தகத்தை ஒருவர்தான் எழுத வேண்டும். நாங்கள் பிரித்துக்கொண்டு எழுதிய ஆண்டில் ஒரே பொருள் ஓரிடத்தில் பெட்டி, இன்னோரிடத்தில் டோக்கன். இரண்டும் வேறா என்று அணிகள் கேட்டுத் துளைத்துவிட்டன. தன்னார்வலர்கள் வருவதும் போவதுமாக இருப்பதால், எதை ஏன் வேண்டாம் என்றோம் என்றும் குறித்து வைக்கிறோம். இல்லையென்றால் செத்த யோசனை ஆண்டுதோறும் உயிர்த்தெழும்.

இவ்வளவுக்கும் பிறகு, விதிகள் வெளியான அன்று மாலையே ஓர் அணி கேட்டது: பெட்டிமேல் பெட்டி இருந்து, கீழே இருப்பது மட்டும் கோட்டைத் தொட்டால் மேலே இருப்பதற்குப் புள்ளி உண்டா? மூன்று மாதம் உடைத்துப் பார்த்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அக்காவுக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டு, உண்டு என்று பதில் அனுப்பினோம்.